நாத்தனார் முடிச்சுக்குப் பத்து நகம்

நொச்சிக்குப்பம்,
ஆடி இருபத்தாறு, திங்கள்கிழமை.

என் பேத்தி தமிழ்நிலாவுக்கு ஆயா முனியம்மாள் எழுதுவது. நானும் உன் அப்பன் ரகுபதியும் உன் தம்பி செம்பியனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். ஓசூரில் குளிர் தாங்கவில்லை என்று சொன்னாயே, காதைக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போ. ஸ்டைலெல்லாம் சம்பள நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.

பார்சலைப் பிரித்ததும் இதைப் படித்துவிட்டு அப்புறம் அந்த டப்பாவைத் தொடு. இவ்வளவும் போனில் சொல்ல முடியாது. நம் பிளாக்கில் நான் போனை எடுத்தால் மேல்மாடியில் ரேடியோவை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்கள். நான் ஐந்தாவது வரை படித்தது இதற்காவது உதவட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். தம்பி கல்யாணத்துக்கு வருகிறேன் ஆயா, பின்னால் நின்று பார்த்துவிட்டுப் போகிறேன், நாத்தனார் முடிச்சை மட்டும் பெரியம்மா பெண் போடட்டும் என்றாய். ஏன் என்று கேட்டதற்கு, தாலி கட்டும்போது கேமராக்காரன் முகத்தைப் பிடிக்க மாட்டான், கையைத்தான் பிடிப்பான், மண்டபத்தில் பெரிய டிவி வேறு வைக்கிறார்கள், என் கையை அதில் பார்த்தால் ஊரே சிரிக்கும் என்றாய். நகமாவது இருந்தால் பரவாயில்லை, கம்பெனியில் ஒட்ட வெட்டச் சொல்கிறார்கள் என்றாய். அப்புறம் சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டாய். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

இந்த பயம் உனக்கு எங்கே பிடித்தது என்று எனக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் மாசி மாதம், உன் பெரியம்மா அன்புக்கரசி வீட்டுக் காதுகுத்து. நீ வந்தவர்களுக்குத் தட்டில் கல்கண்டு எடுத்துக்கொண்டு போனாய். அன்புக்கரசி பச்சைப் புடவை கட்டிக்கொண்டு, மூன்றாவது வடையைக் கடித்துக்கொண்டே, "கைய முந்தானைக்குள்ள வெச்சிக்கோ, வீடியோவுல ஆம்பள கையாட்டம் கீது" என்று சொன்னாள். நீ தட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாய். அன்றிலிருந்து நீ போட்டோவுக்கு நிற்கும்போதெல்லாம் கை முந்தானைக்குள் இருக்கிறது. உன் அம்மா உயிரோடு இருந்திருந்தால் அக்கா என்றும் பார்த்திருக்க மாட்டாள். அன்றிலிருந்து அவள் வீட்டில் நான் தண்ணீர் குடித்ததில்லை. அவளுக்கு அது இன்னும் தெரியாது, எனக்கு சர்க்கரை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். இப்போது தன் பெண்ணுக்கு முடிச்சு போடுவதற்கென்றே புடவை எடுத்துவிட்டாளாம். நன்றாகக் கட்டிக்கொண்டு வரட்டும். பந்தியில் உட்காருவதற்கும் புடவை வேண்டுமே.

அதனால் புதன்கிழமை மீனை உன் அத்தையிடம் விட்டுவிட்டு, பட்டினப்பாக்கத்தில் பஸ் பிடித்து தி.நகர் போனேன். ஆடித் தள்ளுபடி, ரங்கநாதன் தெருவில் கால் வைக்க இடமில்லை. முதல் கடையில் இருந்த பெண்ணிடம் ஒட்டுகிற நகம் வேண்டும் என்றேன். என் கையையும் என் கூடையையும் பார்த்துவிட்டு, நகவெட்டி எடுத்துக் கொடுத்தாள். அந்தக் கடை வாசலில் நீல போர்டு, இடது பக்கம் ஜூஸ் கடை. நீ அங்கே போகாதே.

பாண்டி பஜார் பக்கம் ஒரு சந்தில் ஃபராஸ் என்பவர் வளையல், பொட்டு, சவுரி எல்லாம் வைத்திருக்கிறார். நாற்பது வயது இருக்கும். யாருக்கு ஆயா என்று கேட்டார். பேத்திக்கு என்றேன். பூப்போட்ட சின்ன டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். நான் அதில் இருந்த பெரிய நகத்தை எடுத்து என் கட்டைவிரலில் வைத்துக் காட்டினேன். இரண்டு பக்கமும் என் நகம் வெளியே தெரிந்தது. என் பேத்திக்கும் இதே அகலம் என்றேன். போன மாசியில் நீ வந்து தூங்கும்போது உன் கை பக்கத்தில் என் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். கட்டைவிரல் இரண்டும் ஒரே அச்சு, சுண்டுவிரல் மட்டும் உனக்குக் கொஞ்சம் சின்னது. ஊரெல்லாம் ஆம்பளை கை என்கிறார்களே, அது என் கை. ஐம்பது வருஷமாக வஞ்சிரம் வெட்டுகிற கை. அதைப் பார்த்து ஒருத்தரும் என்னை ஆம்பளை என்று சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கத்தி கையில்தானே இருக்கிறது.

ஃபராஸ் சிரிக்கவில்லை. குரலை மட்டும் இறக்கி, பேத்தி திருநங்கையா ஆயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அதை மொதல்லயே சொல்றதில்லையா என்று சின்ன டப்பாவை உள்ளே வைத்துவிட்டு, மேல் தட்டில் இருந்து வேறு எடுத்தார். அவரிடம் வாரத்துக்குப் பத்து திருநங்கைகள் வருவார்களாம். வீட்டில் தெரியாமல் புடவை கட்டிப் பார்க்கிற ஆண்களும் வருவார்களாம், அவர்கள் தங்கச்சிக்கு என்று சொல்லி வாங்குவார்களாம், அளவு மட்டும் தன் விரலில் வைத்துப் பார்ப்பார்களாம். நான் ஒன்னியும் கேக்கமாட்டேன், பெருசா எடுத்துக் குடுத்துருவேன் என்றார். நல்ல மனுஷர்.

அவர் சொன்னதை எழுதுகிறேன், கவனமாகப் படி. ஒவ்வொரு நகத்தின் அடியிலும் ஒரு நம்பர் இருக்கும். சைபர்தான் இருப்பதிலேயே பெரியது, நம்பர் ஏற ஏற நகம் சின்னதாகும். சாதாரண டப்பாவில் சைபர் இரண்டுதான் இருக்கும், அது உன் கட்டைவிரலுக்கே போய்விடும். இது அகலக் கைக்கென்று வருகிற டப்பா, இதில் சைபர் நிறைய இருக்கிறது. நகம் ஓரத்துக்கு ஓரம் சரியாக உட்கார வேண்டும். சின்னதாக இருந்தால் ஒட்டவைத்தது ஊருக்கே தெரியும். பெரிதாக இருந்தால் பயமில்லை, இரண்டு ஓரத்தையும் அரத்தால் தேய்த்துக் குறைத்துக்கொள்ளலாம். இரண்டு அளவுக்கு நடுவில் நின்றால் பெரியதையே எடு.

நான் நீளமாக, சதுரமாக ஒன்றை எடுத்தேன், பளபளவென்று இருந்தது. அவர் வாங்கி வைத்துவிட்டார். "சதுரமா போட்டா அகல வெரல இன்னும் அகலமா காட்டும் ஆயா. முட்ட ஷேப்பு எடு, வெரல் நுனிய தாண்டி அரிசி நீளம் போதும். வெரலு தானா நீட்டா தெரியும்" என்றார். போட்டுப் பார்த்தேன். நிலா, என் கையே எனக்குக் கொஞ்ச நேரம் அடையாளம் தெரியவில்லை.

ஒரு விஷயம். நகம் மேடு பள்ளமாக இருந்தால் ஒட்டுவது அதில் சரியாக உட்காராது, லேசாகத் தேய்த்துச் சமன் பண்ணிவிட்டு ஒட்ட வேண்டும் என்றார். உன் வலது மோதிர விரல் நகத்தில் நடுவே ஒரு கோடு ஓடுகிறது. அதைச் சொன்னேன். எப்படி வந்தது, அடிபட்டதா என்று கேட்டார். பேச்சை மாற்றிவிட்டேன். நீ எட்டாவது படிக்கும்போது பூசிக்கொண்டு வந்த சிவப்புப் பாலிஷை மீன் கத்தியால் சுரண்டியது யார் என்று கடைக்காரரிடம் சொல்லவா முடியும். அன்று நீ அழவில்லை. கையை இழுத்துக்கொள்ளக்கூட இல்லை. எல்லோரும் செய்ததை நான் தேதியோடு சொல்லுவேன் என்று நீ கேலி செய்வாயே. இதுவும் தேதியோடு இருக்கிறது. பங்குனி உத்திரத்துக்கு முதல் நாள், சாயங்காலம். அந்த விரலை மெதுவாகத் தேய்.

உனக்கு அனுப்புவதற்கு முன்னால் நான் போட்டு ஒரு நாள் வேலை செய்து பார்க்க வேண்டும் என்று நினைத்தேன். ஒரு டப்பா கூடவே வாங்கியிருந்தேன். வெள்ளிக்கிழமை விடியலில் பத்து விரலுக்கும் ஒட்டிக்கொண்டு மார்க்கெட்டுக்குப் போனேன். என்ன இன்னிக்கி ஆயா ஹீரோயின் ஆயிட்டா என்று பக்கத்துக் கடைக்காரி கேட்டாள். நீயும் போட்டுக்கோ, உன் எறாலு நாலு பேரு வாங்குவாங்க என்றேன். பத்து மணி வரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. மந்தைவெளியிலிருந்து வருவாரே ரிட்டயர்டு வாத்தியார் சுயம்புலிங்கம், அவருக்குச் சங்கரா வெட்டிக் கொடுத்து அனுப்பினேன். கையைக் கழுவும்போது பார்த்தால் ஒன்பது நகம்தான் இருக்கிறது. ஐஸ் பெட்டியில் தேடினேன், செதில் குப்பையில் தேடினேன், இல்லை. அரை மணி கழித்து அவரே திரும்பி வந்தார். காகிதத்தில் மடித்து வைத்திருந்ததைப் பிரித்துக் காட்டி, "முனியம்மா, முப்பது வருஷமா ஒங்கிட்ட மீன் வாங்கறேன், சங்கராவுக்கு நகம் மொளச்சி இப்பதான் பாக்கறேன்" என்றார். மார்க்கெட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அவருக்கு இரண்டு மீன் சேர்த்துக் கொடுத்தேன், வேறென்ன செய்வது.

எங்கே தப்பு என்று சாயங்காலம் வரை யோசித்தேன். தண்ணீரில் தப்பில்லை. தினமும் மீன் வாடை ஏறாமல் இருக்க விடியலில் கைக்குத் தேங்காய் எண்ணெய் தடவுவேன் இல்லையா, அந்தப் பழக்கத்தில் அன்றும் தடவிவிட்டுத்தான் நகம் ஒட்டியிருக்கிறேன். எண்ணெய்க்கு மேல் எந்தப் பசை நிற்கும்? இது தெரிந்தது நல்லதாகப் போயிற்று. கல்யாணத்துக்கு முதல் நாள் நலங்கு வைப்பார்கள், எண்ணெயும் மஞ்சளும் உன் கையெல்லாம் இருக்கும். முதல் நாளே அழகு பார்க்கிறேன் என்று ஒட்டிக்கொள்ளாதே. மறுநாள் காலையில் சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொரு நகத்தையும் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடை. அப்புறம் நகத்தில் கிரீம், எண்ணெய் எதுவும் படக்கூடாது.

இன்னொரு தப்பும் செய்தேன். மற்ற ஒன்பதையும் கோபத்தில் பிய்த்து எடுத்தேன். என் சொந்த நகத்தின் மேல்தோலும் சேர்ந்து வந்துவிட்டது, இன்னும் புளி கரைத்தால் எரிகிறது. அப்புறம் ஃபராஸுக்குப் போன் போட்டேன். வெதுவெதுப்பான தண்ணீரில் சோப்பும் இரண்டு சொட்டு எண்ணெயும் விட்டுக் கையை ஊறவைத்தால் ஓரத்திலிருந்து தானாகக் கழன்று வரும், இழுக்கவே கூடாது என்றார். இதை முன்னாடியே சொன்னால் என்ன என்று கேட்டேன். நீ கேக்கலியே ஆயா என்கிறார். கல்யாணம் முடிந்து ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ ஓசூர் பஸ் ஏறுவதற்கு முன்னால் அப்படி எடுத்துவிடு, கம்பெனியில் ஒரு பேச்சு வராது.

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். உனக்குப் பால் வெள்ளை பிடிக்கும் என்று தெரியும், முதலில் அதைத்தான் வாங்கினேன். பிய்த்து எடுத்த நகத்தில் நனைத்த மஞ்சள் கயிற்றைச் சுற்றி இழுத்துப் பார்த்தேன். இரண்டே இழுப்பில் நகமெல்லாம் காமாலை வந்த மாதிரி ஆகிவிட்டது, தேய்த்தும் போகவில்லை. திரும்பப் போய் உன் டப்பாவுக்கு அரக்குச் சிவப்பு மாற்றிக்கொண்டு, எனக்கும் அதிலேயே ஒன்று வாங்கிக்கொண்டு வந்தேன். அதுதான் டப்பாவில் இருக்கிறது. கூரைப்புடவைக்கும் பொருந்தும், மஞ்சளும் தெரியாது.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். நகம் போட்ட கையால் முடிச்சு விழவில்லை, நிலா. நேற்று சாயங்காலம் பித்தளைக் குடத்தை எதிரே வைத்து, அதன் கழுத்தைப் பெண்ணின் கழுத்து என்று வைத்துக்கொண்டு, கயிற்றைச் சுற்றி முடிச்சு போட்டேன். கயிறு வழுக்குகிறது, நகம் நடுவில் மாட்டுகிறது, இறுக்கினால் நகம் தூக்குகிறது. ஏழு தடவை போட்டேன், ஏழு தடவையும் அவிழ்ந்தது. மேடையில் இப்படி ஆனால் அன்புக்கரசிக்கு அதுவே பொங்கல் ஆகிவிடும்.

உன் அப்பன் வாசலில் வலை முடிந்துகொண்டிருந்தான். உனக்குத் தெரியும், நீ தமிழ்நிலா என்று பெயர் வைத்துக்கொண்ட நாளிலிருந்து ஆறு வருஷமாக அவன் வாயில் உன் பேச்சே வராது. நீ வந்தால் படகில் போய்ச் சாப்பிடுவான். பத்திரிகை அடிக்கும்போது செம்பியன், முடிச்சு போடுவது அக்காதான், பெண் வீட்டில் பேசிவிட்டேன், அவர்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொன்னான். அதற்கும் உன் அப்பன் துண்டை உதறிக்கொண்டு போய்விட்டான். அதற்காக அவனோடு நானும் பதினொரு நாள் பேசவில்லை. சோறு மட்டும் வைத்தேன்.

எட்டாவது தடவை கயிறு அவிழ்ந்ததும் வலையை வைத்துவிட்டு எழுந்து வந்தான். என் எதிரே உட்கார்ந்தான். என் கையைப் பார்த்தான், அந்தச் சிவப்பு நகத்தைப் பார்த்தான், யாருக்கு என்று கேட்கவில்லை. கயிற்றை வாங்கிக் குடத்தின் கழுத்தில் சுற்றி, விரலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு, மெதுவாக ஒரு முடிச்சு போட்டான். நகம் கயிற்றில் படவே இல்லை. அவிழ்த்து மறுபடியும் போட்டான், எனக்குப் புரியட்டும் என்று.

"நெகத்தால புடிச்சா எந்த முடிச்சும் நிக்காது. வெரல் சதையால அமுக்கி இழுக்கணும். நிலாகிட்ட சொல்லு."

அவ்வளவுதான் சொன்னான். எழுந்து போய் மறுபடி வலையை எடுத்துக்கொண்டான். நான் அவன் முகத்தைப் பார்க்கவில்லை, குடத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்திருந்தால் அவன் அந்தப் பெயரைத் திரும்ப எடுத்துக்கொள்வானோ என்று பயம். வலையில் ஒரு கிழிசலை முடித்த பிறகு, ஓசூர் பஸ் கோயம்பேட்டில் நிற்குமா கிளாம்பாக்கத்தில் நிற்குமா என்று கதவைப் பார்த்துக் கேட்டான். எனக்குத் தெரியாது, நீயே விசாரித்து வை என்றேன். நான் மட்டும் அவ்வளவு சீக்கிரம் இறங்கிவிட முடியுமா?

ஆகவே கயிறும் கொஞ்சம் வைத்திருக்கிறேன். ஹாஸ்டலில் தண்ணீர்ப் பாட்டில் கழுத்தில் கட்டிப் பழகு. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சதை சதையோடு சேர வேண்டும், நகம் வெளியே பார்த்துக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். ஒட்டும்போது முதலில் பத்தையும் விரல் வரிசையில் பாயில் பரப்பிக்கொள். நகத்தின் அடித்தோலைக் குச்சியால் பின்னுக்குத் தள்ளு. பசையை உன் நகத்தில் ஒரு சொட்டு, ஒட்டுகிற நகத்தில் ஒரு சொட்டு, அதற்கு மேல் வேண்டாம். அடிப்பக்கம் முதலில் உட்காரவைத்துச் சாய்வாக அமுக்கிக்கொண்டே நுனிக்கு வா, உள்ளே காற்று நிற்காது. இருபது எண்ணும்வரை பிடித்துக்கொண்டிரு. கட்டைவிரல் இரண்டையும் கடைசியில் ஒட்டு. முதலில் அதை ஒட்டிவிட்டு மற்றதை எதால் பிடிப்பாய்? நான் அப்படித்தான் செய்து அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பழகுவதற்கு மட்டும்தான் நீ ஒட்டிக்கொள். கல்யாணத்தன்று நான் ஒட்டுகிறேன். எனக்கு இப்போது நன்றாக வருகிறது.

கல்யாண வாரம் புதன்கிழமை ராத்திரியே லீவு சொல்லிவிட்டு ஏறு. வியாழன் நலங்கு. ஆவணி பதின்மூன்று வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேல் ஏழரைக்குள் முகூர்த்தம். கேமராக்காரனிடம் பேசிவிட்டேன். கையைத்தான் எடுக்க வேண்டும், கிட்டத்தில் போய் எடுக்க வேண்டும், பெரிய டிவியில் முழுசாகத் தெரிய வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். முன் வரிசையில் யாரை உட்காரவைப்பது என்பதையும் நானே பார்த்துக்கொள்கிறேன்.

முதல் முடிச்சை உன் தம்பி போடுவான். மற்ற இரண்டும் உன்னுடையவை. நீ மேடை ஏறவில்லை என்றால் வேறு ஒரு கையும் அந்தக் கயிற்றைத் தொடாது, ஐயர் சொன்னாலும் சரி, குப்பத்துத் தலைவர் நாட்டார் சொன்னாலும் சரி. ஒற்றை முடிச்சோடு அந்தப் பெண் தலை குனிந்தபடியே உட்கார்ந்திருப்பாள், மேளக்காரன் வாசித்துக்கொண்டே இருப்பான், நான் கயிற்றின் இரண்டு நுனியையும் பிடித்துக்கொண்டு வாசலைப் பார்த்து நின்றுகொண்டிருப்பேன். எழுபத்திரண்டு வயது எனக்கு. அதிக நேரம் நிற்க வைக்காதே, கண்ணு.

நீ நூறு வருஷம் கை வீசி நடக்க வேண்டும் என்று கங்கையம்மனைக் கும்பிட்டுக்கொண்டிருக்கும்,

உன் ஆயா,
முனியம்மாள்.